சிவப்புக் குறி இல்லாமல் வந்த தாள்

சென்ற மாதம் வேலையை விட்டேன். முப்பத்து மூன்று வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்றால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் நான் செய்துவந்த வேலையே இப்போது இல்லை என்பதால் வேறு சொல் கிடைக்கவில்லை. டிப்ளமோ முடித்த கையோடு தாம்பரத்தில் ஒரு சிறிய சர்வீஸ் நிறுவனத்தில் சேர்ந்தேன். பதினோரு ஆண்டுகள், குன்றத்தூரிலிருந்து வண்டலூர் வரை, மற்றவர்களின் பிரிண்டர்களுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். இப்போது எங்கள் நிறுவனம் நேரில் ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. வாடிக்கையாளரின் கணினியை இங்கிருந்தபடியே திறக்கிறார்கள், அமைப்பை மாற்றுகிறார்கள், மூடிவிடுகிறார்கள். அங்கே பிரிண்டரிலிருந்து வரும் தாளை எங்கள் பக்கத்தில் யாரும் பார்ப்பதில்லை.

மிச்சமிருக்கும் மூன்று பேர், "அக்கா, வேர்டுல இருந்து படம் தப்பா பிரிண்ட் ஆனா நீங்க எந்த வரிசையில பாப்பீங்க, எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்று கேட்டார்கள். வரிசை ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. அது இதுதான்.

ஒன்று, கெட்டுப்போன தாளைக் கையில் வாங்கு. இரண்டு, பிரிண்டரின் சொந்த சோதனைத் தாளை எடு. அது நன்றாக வந்தால் மையிலும் உருளையிலும் குற்றமில்லை. மூன்று, அதே கணினியிலிருந்து வேறொரு கோப்பை அச்சிடு. நான்கு, அதே கோப்பை வேறொரு கணினியிலிருந்து அச்சிடு. ஐந்து, வராமல் போனது ஒட்டிய படமா, வேர்டிலேயே வரைந்த உருவமா என்று பார். ஆறு, எதை மாற்றினாலும் மாற்றுவதற்கு முன் ஒரு தாள், பின் ஒரு தாள்.

ஐந்தாவதும் ஆறாவதும் எப்படி வந்தன என்று அவர்கள் கேட்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் இரண்டு ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டோனர் கொட்டிய சுடிதார்கள், எலி கடித்த கேபிள்கள். வண்டலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில், வினாத்தாளில் தவளைப் படம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டம் வந்தது. தலைமையாசிரியை தாளை என் முன் நீட்டி, "பாகங்களைக் குறின்னு கேட்டிருக்கோம். இதுல என்னத்தம்மா குறிப்பாங்க பசங்க? ராத்திரின்னு எழுதிட்டுப் போயிடுவாங்க" என்றார். படத்தின் பின்னணி ஒளிபுகும்படி இருந்தது. பிரிண்டரின் பழைய டிரைவர் மென்பொருளுக்கு அது புரியாமல் கறுப்பாக நிரப்பியிருந்தது. வெள்ளைப் பின்னணியோடு மறுபடி ஒட்டினேன், தவளை வந்தது. கோவிலம்பாக்கத்தில் ஒருவர் வங்கிக் கடனுக்காக வீட்டு வரைபடம் அச்சிட, கீழே மூன்றில் ஒரு பங்கு வரவே இல்லை. பிரிண்டரின் நினைவகம் அவ்வளவுதான் தாங்கியது. "பாத்ரூமே இல்லாத பிளானைக் குடுத்துட்டு வந்துட்டேன் மேடம், மேனேஜர் சிரிக்கிறார்" என்றார். இப்படிப்பட்ட தவறுகளால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. தாள் போகும், நேரம் போகும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் சர்வீஸ் மேனேஜர் டேனியல் சார். கிழக்குத் தாம்பரத்தில் வீடு, ஞாயிறு காலையில் அவரிடமிருந்து போன் வராது, மற்ற எல்லா நேரமும் வரும். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. திரும்பி வந்ததும் "ஆச்சா" என்று கேட்க மாட்டார், கையை நீட்டுவார். அந்தக் கையில் சோதனைத் தாளும் சர்வீஸ் ஸ்லிப்பும் இருக்க வேண்டும். தாளை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்ப்பார், பிறகு தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார். நேராகப் பார்த்தால் கண் படிக்கப் போய்விடும், தலைகீழாகப் பார்த்தால்தான் என்ன இல்லை என்று தெரியும் என்பார். தாளைக் காட்டாமல் "ஸ்கிரீன்ல கரெக்டா இருந்துச்சு சார்" என்று யாராவது சொன்னால், "ஸ்கிரீனைக் கழட்டி எடுத்துட்டு வந்தியா?" என்று கேட்பார். சிரிக்காமல் கேட்பார்.

ஸ்லிப் மூன்று நிறத் தாள்கள், நடுவில் கார்பன். வெள்ளை வாடிக்கையாளருக்கு, ரோஸ் கோப்புக்கு, மஞ்சள் எங்களுக்கு. அதில் ஐந்து கட்டங்கள்: புகார், பார்த்தது, மாற்றியது, மாற்றியவர், இணைத்த தாள்கள். வாடிக்கையாளரின் இடத்தைவிட்டுக் கிளம்பும் முன்பே ஐந்தையும் நிரப்பிக் கையெழுத்து வாங்க வேண்டும். 'சரி செய்யப்பட்டது' என்று மட்டும் எழுதினால் திருப்பிக் கொடுப்பார். "சரியாச்சான்னு கஸ்டமர் சொல்லிடுவார். நீ என்ன பண்ணேன்னு நீதான் எழுதணும்."

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் எங்களுக்கு ஐந்து வாடிக்கையாளர்கள். அதில் ஒன்று தகட்டுப் பாகங்கள் அடிக்கும் சிறிய யூனிட். முதலாளி மோகன் சார், தரம் பார்க்கும் இஞ்சினியர் கார்த்திக், தகட்டை அழுத்தி வெட்டும் நான்கு பவர் பிரஸ், ஒரு டிரில்லிங் பகுதி, முன்னறையில் ஒரு கணினி, அதோடு ஒரு பழைய கலர் பிரிண்டர். டிரில்லிங் பகுதியில் விஜயா அக்கா இருந்தார். பம்மலிலிருந்து வருவார். என்னைக் கண்டால் மெஷினை நிறுத்தாமலே குரல் கொடுப்பார்.

"வந்துட்டா பாரு டாக்டரம்மா. இன்னா பாப்பா, உன் பேஷண்ட்டு இன்னைக்கு இன்னா சொல்லுது?"

"இருமுதுக்கா."

"எங்க மெஷினும்தான் இருமுது. அதுக்கு இன்னா ஊசி போடுற?"

மூன்றாம் ஆண்டில் அங்கிருந்து வந்த புகார் சாதாரணமானது. டெலிவரி சலான் ஒவ்வொன்றும் அச்சாக மூன்று நிமிடம் ஆகிறது, வாசலில் வண்டி நிற்கிறது, டிரைவர் கத்துகிறார். பார்த்தேன். யாரோ சலானின் தலைப்பை வேர்டிலேயே வரைந்திருந்தார்கள்: நிழல் விழும் கட்டங்கள், நிறம் கரைந்து போகும் பட்டைகள். பிரிண்டரின் சின்ன நினைவகம் அதில் திணறியது. ஆனால் அவர்கள் சலானை அச்சிட்டது ஏற்கெனவே தலைப்பு அடித்த தாளில். வரைந்த தலைப்பே தேவையில்லை.

வேர்டின் விருப்பங்களில், காட்சி என்ற பக்கத்தில், வரைந்த உருவங்களை அச்சிடு என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதிலிருந்த டிக்கை எடுத்தேன். சலான் எட்டு நொடியில் வந்தது. மோகன் சார் வாசல்வரை வந்து, "சூப்பர் மா, இதை முன்னாடியே பண்ணியிருக்கலாம்" என்றார்.

அந்த டிக் சலானுக்கு மட்டுமானதல்ல. அந்தக் கணினியில் திறக்கும் எல்லா வேர்டு கோப்புக்கும் அதுதான் சட்டம். எனக்கு இது தெரியும். தெரிந்தும், என் கண் முன் இருந்த ஒரே கோப்பைத்தான் நினைத்தேன். பல்லாவரம் போகும் பேருந்து தொழிற்பேட்டை வாசலில் திரும்பிக்கொண்டிருந்தது. ஸ்லிப்பில் 'அச்சு வேகம் சரி செய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடினேன்.

ஏழு வாரம் கழித்து மோகன் சாரே எனக்குப் போன் செய்தார். "பிரிண்டர்ல சிவப்பு வரல. கார்ட்ரிட்ஜ் எடுத்துட்டு உடனே வா."

கார்த்திக் முன்னறையில் தனியாக இருந்தார். கையில் ஒரு தாள் கொடுத்தார். பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒட்டும் செய்முறைத் தாள். அவருடைய சொந்த யோசனை அது. ஆட்களில் பாதிப் பேர் தமிழ், மீதிப் பேர் இந்தி, ஒடியா. அதனால் எழுத்தே கிடையாது, படம் மட்டும். தாளில் இரண்டு புகைப்படங்கள் அடுத்தடுத்து இருந்தன. இடது பக்கம் ஒரு கை பிரஸ்ஸின் வெட்டும் டைக்குள் நீண்டு கழிவுத் தகட்டை எடுக்கிறது. வலது பக்கம் அதே தகட்டை ஒரு நீள இடுக்கி எடுக்கிறது.

"இதுல என்ன சார் வரல?"

"இடது பக்கம் பெருசா ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. வலது பக்கம் பச்சை டிக். ரெண்டும் வரல."

"பச்சையும் வரலையா? அப்போ கார்ட்ரிட்ஜ் இல்ல சார்."

நான் என் வரிசையைத் தொடங்கினேன். சோதனைத் தாளில் நான்கு நிறமும் சுத்தமாக வந்தன. அதே கணினியில் வேறு கோப்பில் சிவப்பு எழுத்துகளை அடித்தேன், சிவப்பாகவே வந்தன. செய்முறைத் தாளை என் மடிக்கணினியிலிருந்து அச்சிட்டேன். குறிகள் இரண்டும் வந்தன. ஆக, குற்றம் பிரிண்டரில் இல்லை, கோப்பில் இல்லை, இந்தக் கணினியின் வேர்டில். புகைப்படங்கள் ஒட்டியவை, அதனால் வந்துவிட்டன. குறிகள் வரைந்தவை. இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு வழக்கமாக வரும் சின்ன மகிழ்ச்சி வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. விருப்பங்களைத் திறந்தேன். டிக் இல்லாத கட்டத்தைப் பார்த்ததும் அதை எடுத்தவள் நான் என்று நினைவு வந்தது. கொஞ்சம் வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். டிக்கைப் போட்டேன், அச்சிட்டேன்.

"இப்போ பாருங்க சார். கரெக்டா வந்திருக்கு."

கார்த்திக் தாளை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் ஸ்கிரீன்ல செக் பண்ணேன் மேடம்" என்றார். "எல்லாத் தாளும் எண்ணெய் பிடிச்சுக் கறுத்துப்போச்சுன்னு போன மாசம் புதுசா அடிச்சேன். பதினாலு தாள். அப்படியே லேமினேஷனுக்கு அனுப்பிட்டேன். ஸ்கிரீன்ல குறி இருந்துச்சு."

"என்ன சார் ஆச்சு?"

"விஜயா அக்கா. திங்கக்கிழமை மூணாவது பிரஸ்ல ஆள் வரல. அவங்கள உக்கார வச்சோம்."

அவர் மேற்கொண்டு சொன்னதைச் சுருக்கித்தான் எழுத முடியும். அந்த யூனிட்டில் புது மெஷினில் ஆளை உட்கார வைக்கும்போது சூப்பர்வைசர் சுவரைக் காட்டி "படத்தைப் பாத்துச் செய்" என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். விஜயா அக்கா படத்தைப் பார்த்தார். கையாலும் எடுக்கலாம், இடுக்கியாலும் எடுக்கலாம் என்று அது சொன்னது. கொக்கியில் இடுக்கி இல்லை. கையால் எடுத்தார். காலால் பெடலை மிதித்தால் இறங்கும் பிரஸ் அது. முன்னால் இருக்க வேண்டிய கம்பித் தடுப்பை, அன்று அடித்த பாகம் பெரியது என்று கழற்றி வைத்திருந்தார்கள். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன.

தடுப்பைக் கழற்றியது நானல்ல. அது என் பங்கைக் குறைக்காது என்பதற்காகத்தான் இரண்டையும் அடுத்தடுத்து எழுதுகிறேன்.

மோகன் சார் உள்ளே வந்தார். புதுத் தாளைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. "ஆச்சா? நல்லது. பதினாலையும் அடிச்சுடு. நாளைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றார்."

"சுவத்துல இருந்த குறி இல்லாத தாள் எங்க சார்?"

"எடுத்தாச்சு. எண்ணெய்த் தாள், அத வச்சுக்கிட்டு என்ன பண்றது." பிறகு என் பேனாவைப் பார்த்தார். "ஸ்லிப்பெல்லாம் வேணாம் மா. சின்ன வேலை."

"ஸ்லிப் எழுதாமப் போகக் கூடாது சார்."

"என்னன்னு எழுதுவ?"

அவர் மெதுவாகத்தான் பேசினார். "இங்க பாரு. அந்தம்மாவுக்கு ஆஸ்பத்திரி செலவு, அது இதுன்னு நான் பாத்துக்கறேன். விபத்து ரிஜிஸ்டர்ல அவங்க கவனக்குறைவுன்னு எழுதியாச்சு. இருபத்தெட்டு பேர் இங்க சாப்பிடறாங்க. உன் ஒரு ஸ்லிப்பால அத்தனை பேரும் தெருவுக்கு வரணுமா?"

அவர் கையெழுத்துப் போடவில்லை. நான் போகும் முன், கார்த்திக் பார்த்துக்கொண்டிருக்க, டிக்கை எடுத்து ஒரு தாள் அடித்தேன், போட்டு ஒரு தாள் அடித்தேன். கார்த்திக் தடுக்கவில்லை. "அதுல என் பேரும் போடுவீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"நீங்க பிரிண்ட் பண்ணீங்கன்னு போடணும் சார்."

"போடுங்க."

அலுவலகம் வந்து சேரும்வரை மனதுக்குள் நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். கடைசியில் எழுதியதில் எல்லாம் உண்மை: குறிகள் அச்சாகவில்லை, காரணம் அந்த அமைப்பு, அமைப்பு திருத்தப்பட்டது. 'மாற்றியவர்' என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன். முதலில் டிக்கை எடுத்தது யார் என்று எந்தக் கணினியும் சொல்லாது. என் பழைய ஸ்லிப்பும் சொல்லாது. அது எனக்கு மட்டுமே தெரியும்.

டேனியல் சார் கையை நீட்டினார். இரண்டு தாள்களையும் ஜன்னலில் பிடித்துப் பார்த்தார், தலைகீழாகத் திருப்பினார். நான் விபத்தைச் சொன்னேன். அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இந்தக் கட்டம் காலியா இருக்கே."

"அவங்க கம்ப்யூட்டர் சார். யாரு வேணும்னாலும்…"

அவர் எழுந்து அலமாரியைத் திறந்து திருமுடிவாக்கம் கோப்பை எடுத்தார். ஏழு வாரத்துக்கு முந்தைய ரோஸ் தாள். 'அச்சு வேகம் சரி செய்யப்பட்டது.' இணைத்த தாள்கள் என்ற கட்டத்தில் ஒன்றுமில்லை. அடியில், சரிபார்த்தவர் என்ற இடத்தில், அவருடைய சுருக்கொப்பம்.

அதைத்தான் அவர் நெடுநேரம் பார்த்தார். "இதத் திருப்பிக் குடுத்திருக்கணும்" என்றார். "அன்னைக்கு மாச கடைசி. கட்டா வந்துது. படிக்காமப் போட்டிருக்கேன்."

நான் பேனாவை எடுத்துக் கட்டத்தில் என் பெயரை எழுதினேன். எப்போது, எந்தக் கட்டத்திலிருந்து எந்த டிக், எதற்காக எடுத்தேன் என்று பின்பக்கமும் எழுதினேன். அவர் அதன் கீழே, பழைய ஸ்லிப்பைத் தான் சரிபார்க்காமல் ஒப்புக்கொண்டதாக ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை அவருடைய ஸ்கூட்டரில் இருவரும் போனோம். இன்ஸ்பெக்டர் மூன்றாவது பிரஸ் பக்கத்தில் நின்றிருந்தார். சுவரில் புதுத் தாள், சிவப்புக் குறியோடு பளபளவென்று இருந்தது. மோகன் சார் எங்களைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"எட்டு வருஷமா உங்களுக்கு வேலை குடுக்கறேன் டேனியல் சார்."

"ஆமா சார்."

"இனிமே குடுக்க மாட்டேன்."

"தெரியும் சார்."

இன்ஸ்பெக்டர் ஸ்லிப்பை இரண்டு முறை படித்தார். "செஞ்சு காட்டுங்க" என்றார். முன்னறையில் உட்கார்ந்து டிக்கை எடுத்தேன், அடித்தேன், போட்டேன், அடித்தேன். இன்ஸ்பெக்டர் கார்த்திக்கை அழைத்து, எந்தத் தாள் சுவரில் இருந்தது என்று கேட்டார். கார்த்திக் முதலாளியைப் பார்க்காமல் முதல் தாளைத் தொட்டார். கழற்றி வைத்த கம்பித் தடுப்பையும் அவரே காட்டினார்.

ரிஜிஸ்டரில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்பது அடித்து நீக்கப்பட்டு, தடுப்பு இல்லாததும் தாளின் குறையும் எழுதப்பட்டன. யூனிட் ஒரு மாதம் மூடிக் கிடந்து, பிறகு திறந்தது. தொழிற்பேட்டையில் எங்களுக்கு இருந்த மற்ற நான்கு வாடிக்கையாளர்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். நம்பி உள்ளே விட முடியாத ஆட்கள் என்று பேச்சு. அதன்பின் மாதக் கடைசியில் டேனியல் சார் ஒவ்வொரு ஸ்லிப்பையும் விரல் வைத்துப் படித்தார். அவருக்கு அதில் மிகவும் நேரமானது. கார்த்திக் அந்த மாதமே வேலையை விட்டுவிட்டார். எங்கே போனார் என்று தெரியவில்லை.

விஜயா அக்கா வீட்டுக்குப் போக எனக்குப் பத்து நாள் ஆனது. பம்மலில் மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை. கையில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"வா பாப்பா. உக்காரு. டீ கீ கேக்காத, என்னால போட முடியாது."

"வேணாம்க்கா."

அவரே பேசினார். மகன் தினமும் கேட்கிறானாம், கண்ணை எங்கே வைத்துக்கொண்டு வேலை செய்தாய் என்று. "அங்கக்கீற ஆளுங்ககூட வந்து சொல்லிட்டுப் போறாங்க. அம்மாம் பெரிய சிவப்புக் குறி போட்டு வச்சிருக்கு, நீ எப்படிக்கா பாக்காம வுட்டேன்னு. இல்லப்பா, அன்னைக்கு அது இல்லன்னு சொன்னா சிரிக்கறாங்க. வலியில ஒளறுதுன்னு சொல்றாங்க. ஒரு நாள் ரெண்டு நாள் சண்டை போட்டேன். இப்ப எனக்கே டவுட்டா கீது. இருந்திருக்குமோ, நான்தான் பாக்கலையோன்னு."

நான் பையிலிருந்து இரண்டு தாள்களையும் எடுத்துக் கட்டிலில் வைத்தேன். ஒன்று குறியோடு, ஒன்று குறி இல்லாமல். அன்று சுவரில் இருந்தது எது என்று காட்டினேன். அதை அப்படி ஆக்கியது நான் என்று சொன்னேன். எந்த டிக், எதற்காக எடுத்தேன், எப்போது என்று வரிசையாகச் சொன்னேன். அழவில்லை. அழுதால் அவர் என்னைத் தேற்ற வேண்டி வரும் என்று தோன்றியது.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. இடது கையால் குறி இல்லாத தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கை படத்தில் நீண்டிருக்கும் இடத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"இதான்" என்றார். "இதத்தான் பாத்தேன். நான் சரியாத்தான் பாத்துக்கீறேன்."

வெளியே யாரோ தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை வைக்கும் சத்தம் கேட்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் தலையை அசைத்து நிறுத்தினார்.

"நீ கெளம்பு பாப்பா" என்றார். "இந்த ரெண்டு பேப்பரையும் இங்கயே வச்சுட்டுப் போ. எம் புள்ள ஏழு மணிக்கு வருவான்."